ஐம்பத்தெட்டு டாலர்ப் பிடிவளையம்

சச்சிதானந்தன் எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு நடப்பவர். தொழிற்சாலை விருந்தில் முட்டை கலந்த கேக்கை மறுக்க மனமில்லாமல் கையில் வாங்கி, எவரும் பாராதபோது பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வருபவர். அத்தகையவர் துப்பாக்கி வாங்கியிருக்கிறார் என்ற செய்தி, 1976ஆம் ஆண்டில் மெல்பேர்னின் புறநகரான ஸ்பிரிங்வேலில் வாழ்ந்த ஐந்தாறு தமிழ்க் குடும்பங்களை எட்டியபோது, அதை முதலில் எவரும் நம்பவில்லை. நம்பியபின், அவருடைய மனைவி இராஜேஸ்வரிக்கு ஆறுதல் சொல்ல இரண்டு பெண்கள் புறப்பட்டோம்.

“ஆரையும் சுடுறதுக்கில்லை, அக்கா,” என்று தேநீரைக் கொடுத்தபடியே இராஜேஸ்வரி சொன்னார். “கடதாசியைச் சுடுறார். சுட்டுப்போட்டு அளக்கிறார். அளக்கிறதுக்காண்டித்தான் சுடுறார்.”

அவர் சொன்னது முழு உண்மை. சச்சிதானந்தன் பக்கத்து ஊரான தண்டனோங்கில் ஓர் இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அந்த வேலையை மெல்பேர்னிலும் தொடர்ந்து, மொத்தம் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்தார். அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூற்றை அத்தொழிலில் ‘தௌ’ என்பார்கள். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ மூன்று தௌ. நாடு மில்லிமீட்டருக்கு மாறிய பிறகும் அவர் மனம் தௌவிலேயே நின்றது. இரண்டு தௌ மிகுந்த உருளையை அவர் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பும்போது, கடைசல் இயந்திரத்தில் நின்ற கெவின் என்ற வெள்ளைக்காரர், அந்த இரண்டு தௌவை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார். இவர் புன்னகையோடு, “அடுத்ததை அனுப்புங்கள்,” என்பார். இப்படித்தான் இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

அந்தக் கெவின்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தம் துப்பாக்கிக் கழகத்துக்கு அழைத்துச் சென்றார். சச்சிதானந்தன் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு போய், மர நிழலில் அமர்ந்திருந்தார். அங்கே ஆட்டம் எளியது. நூறு மீட்டர் தொலைவில் உள்ள தாளில் ஐந்து குண்டுகள் சுடவேண்டும். மிகவும் விலகியிருக்கும் இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட தூரமே மதிப்பெண். எவருடைய தூரம் சிறியதோ அவர் வென்றார். அன்று இரண்டு பேருடைய தாள்களை வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளந்தபடி, பெரியவர்கள் அரைமணி நேரம் சண்டையிட்டார்கள். சச்சிதானந்தன் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து தம் அளவுக்கருவியை எடுத்தார். சண்டை அரை நிமிடத்தில் முடிந்தது. அந்த வாரமே கழகம் அவரை அதிகாரபூர்வ அளவையாளராக நியமித்தது. மூன்று மாதங்கள் பிறர் சுட்டதை அளந்தபின், தாம் சுட்டதையும் அளந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. தூரத்தை ஆயிரத்தில் ஒன்றாக எண்ணும் ஒரு விளையாட்டு உலகில் உண்டென்பதை நாற்பத்திரண்டு வயதுவரை தம்மிடம் எவரும் சொல்லவில்லையே என்று அவர் வருந்தினார்.

பழைய துப்பாக்கி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதன்மேல் பொருத்தத் தொலைநோக்கி ஒன்றும் கிடைத்தது. தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு பிடிவளையங்கள் தேவை. கடைக்காரர்கள் அவற்றை மவுண்ட் என்பார்கள். ஒவ்வொரு வளையமும் இரண்டு பாதிகளாக வரும். கீழ்ப்பாதியில் தொலைநோக்கியை வைத்து, மேற்பாதியால் மூடி, திருகாணியால் முடுக்கவேண்டும். சச்சிதானந்தன் ஆறு டாலருக்கு ஒரு சோடி வாங்கினார். அங்கே தொடங்கியது அவருடைய துன்பம்.

அதைச் சொல்லுமுன் இராஜேஸ்வரியின் துன்பத்தையும் சொல்லவேண்டும். அவர் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். அங்கே அறை அளவு பெரிய இயந்திரங்களில் நாளொன்றுக்கு ஐந்நூறு படுக்கை விரிப்புகளை வெளுப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து, பின்புறத்துச் சிமெந்துத் தொட்டியில், கணவருடைய எண்ணெய் படிந்த மேலாடைகளையும் இரண்டு பெண் பிள்ளைகளின் சீருடைகளையும் கையால் கசக்குவார். சனிக்கிழமைகளில் போர்வைகள். ஒரு நனைந்த கம்பளிப் போர்வையை மெல்பேர்னின் குளிர்காலத்தில் கையால் பிழிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை. கெவினின் தமக்கை தம்முடைய இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரத்தை ஐம்பத்தைந்து டாலருக்கு விற்கவிருந்தார். இராஜேஸ்வரி அதை ஒருமுறை போய்ப் பார்த்து, மூடியைத் திறந்து மூடிவிட்டுத் திரும்பியிருந்தார்.

இராஜேஸ்வரிக்கு ஆண்டுதோறும் ஆயுத பூசை முறையாக நடக்கவேண்டும். வரவேற்பறையின் தாழ்ந்த மேசையில் பிள்ளைகளின் புத்தகங்கள், கார்ச்சாவி, கத்தரிக்கோல், கணவருடைய மைக்ரோமீட்டர், அவருடைய பேனா எல்லாம் வரிசையாக இருக்கும். பொட்டு வைப்பதில் அவர் பிறந்த வீட்டில் ஒரு விதி இருந்தது: ஆயுதம் எந்த இடத்தால் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் சந்தனம் வைக்கவேண்டும். கத்தரிக்கோலுக்கு வாயில், பேனாவுக்கு முனையில். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. அது தானாகத்தான் உதிரவேண்டும். ஆகையால் விசயதசமி கழிந்து ஒரு வாரத்துக்குச் சச்சிதானந்தனின் பேனா எழுதாது. அந்த வாரம் முழுவதும் அவர் பந்துமுனைப் பேனாவால் எழுதுவார். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

ஆறு டாலர் வளையங்களைப் பொருத்திய நாள்முதல் துப்பாக்கி அவரை ஏமாற்றியது. முதல் மூன்று குண்டுகள் ஓரிடத்தில் விழும். நான்காவது மேலே ஏறும். ஐந்தாவது எங்கு போயிற்று என்று கெவின் தரையிலும் மரத்திலும் தேடுவார். சுடும்போது எழும் அதிர்ச்சியில் தொலைநோக்கி வளையத்துக்குள் மெல்ல வழுக்குகிறது என்று சச்சிதானந்தன் கண்டறிந்தார். கழற்றி முடுக்கினார், மீண்டும் வழுக்கியது. ஓராண்டு முழுவதும் அவர் வேறு எதையும் பேசவில்லை.

“சார், தொலைநோக்கிய எதுக்கு வெச்சிருக்கீங்க?” என்று என் கணவர் வெங்கட்ராமன் கேட்பார். “அஞ்சாவது குண்டத் தேடறதுக்கா?”

“மலிவான சாமான், மிஸ்டர் வெங்கட்ராமன். ஆறு டாலருக்கு இதுக்குமேலை எதிர்பார்க்கேலாது,” என்று சச்சிதானந்தன் சொல்வார். கோபம் அவருக்கு வராது. வந்தால் அளக்கத் தொடங்கிவிடுவார்.

1977இல் ஓர் அறிவிப்பு வந்தது. திசம்பரில் சிட்னிக்கருகே நடக்கும் கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு நால்வர் அணி செல்லும். நவராத்திரிக்குப் பின்வரும் இரண்டு ஞாயிறுகளில் தேர்வு. இரண்டில் எது நல்லதோ அதுவே கணக்கு. சச்சிதானந்தன் அமெரிக்காவில் செய்யப்பட்ட விலையுயர்ந்த பிடிவளையங்களின் படத்தைப் பட்டியலிலிருந்து வெட்டி எடுத்து, சமையலறை மேசையில் வைத்தார். அஞ்சற் செலவோடு ஐம்பத்தெட்டு டாலர்.

இராஜேஸ்வரி படத்தைப் பார்த்தார்.

“ரெண்டு வளையம்.”

“ஓம்.”

“தங்கமே?”

“உருக்கு. ஆனால் இஞ்சரும், உள்வட்டம் அரைத் தௌவுக்குள்ளை சரியா இருக்கும் எண்டு எழுதி உத்தரவாதம் தருகினம்.”

இராஜேஸ்வரி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தார். “வாங்குங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனால் உந்த வளையம் சிட்னிக்குப் போகவேணும். போகாட்டித் துவக்கை விக்கிறது. எனக்கு மெஷின் வாங்கிறது.”

துவக்கென்றால் துப்பாக்கி. சச்சிதானந்தன் பரிசோதகர் அல்லவா? நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அதை அப்படியே எழுதி, கையொப்பமிட்டு, மனைவியிடமும் கையொப்பம் வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

பெட்டி ஆயுத பூசைக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தது. புதிய ஆயுதத்தைப் பூசைக்கு முன் பயன்படுத்தக் கூடாது. எனவே நான்கு பாதிகளும் வெல்வெட்டுத் துணியில் பிரித்தபடியே பூசைக்கு வந்தன. இராஜேஸ்வரி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த இடத்தாலை வேலை செய்யிறது?”

“உள்பக்கத்தாலை. உதுதான் இறுக்கிப் பிடிக்கிறது.”

நான்கு பாதிகளின் உட்புறத்திலும் நல்ல சந்தனம், அதன்மேல் குங்குமம். அவர்கள் ஒப்பந்தத்தை முடிந்த அளவு மறந்து ஒருமித்துக் கும்பிட்டார்கள். மறுநாள் காலையில் சச்சிதானந்தன் குளித்து, திருநீறு பூசி, தொலைநோக்கியை வளையங்களில் வைத்து முடுக்கினார். பூசைக்கு முன் அந்த வளையங்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்று, அளவைக்கூடத்தில் பதினாறு இடங்களில் அளந்திருந்தார். “இதைவிட வட்டமான சாமானை நான் அளந்ததில்லை,” என்று என் கணவரிடம் சொன்னார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று குண்டுகள் ஒரே துளையில் விழுந்தன. கெவின் சீழ்க்கையடித்தார். நான்காவது குண்டு இரண்டு அங்குலம் மேலே போயிற்று. ஐந்தாவது தாளில் இல்லை. கழகத் தலைவர் ஹார்க்நெஸ் என்ற முதியவர், பக்கத்துத் தாளில் ஆறு துளைகள் இருப்பதைக் கண்டு, அது எவருடையது என்று பணிவாக விசாரித்தார்.

திங்கட்கிழமை மாலை சச்சிதானந்தன் எல்லாவற்றையும் கழற்றிச் சமையலறை மேசையில் செய்தித்தாளின்மேல் பரப்பினார். உருப்பெருக்கியால் ஒவ்வொரு பாதியையும் பார்த்தார். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. அமெரிக்க நிறுவனத்துக்கு பந்துமுனைப் பேனாவால் முறையீட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார். இராஜேஸ்வரி தேநீர் கொண்டுவந்தார்.

“ஏன் பேனாவாலை எழுதேல்லை?”

“உமக்குத் தெரியுந்தானே. இந்தக் கிழமை எழுதாது. முனையிலை சந்தனம்.”

சொன்னவர் காதில் அது விழவில்லை. கேட்டவர் காதில் விழுந்தது. இராஜேஸ்வரி தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடியே மேசையைப் பார்த்தார். நான்கு வளையப் பாதிகளிலும் காய்ந்த சந்தனம் இருந்தது. தொலைநோக்கிக் குழாயின்மேல் அது மஞ்சட்கோடாக இழுபட்டிருந்தது. அவருடைய மோதிர விரலின் அடையாளம்கூட ஒரு பாதியில் தெரிந்தது. சலவைக்கூடத்தில் கஞ்சி மிகுந்த துணி காய்ந்ததும் மாவாக உதிர்வதை நாள்தோறும் பார்ப்பவர் அவர். மாவின்மேல் எதுவும் நிற்காது. தேநீரை வைத்துவிட்டு அவர் சமையலறையைவிட்டு வெளியேறினார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நேரே விடயத்துக்கு வந்தார்.

“அக்கா, வளையத்திலை பிழையில்லை. நான் வைச்ச சந்தனந்தான் பிழை. போன வருசத்து வளையத்துக்கும் பூட்ட முன்னம் நான்தான் வைச்சனான். நான் சொல்லாட்டி இந்த ஞாயிறும் அவர் தோப்பார். தோத்தால் எனக்கு மெஷின். சொன்னால் மெஷின் இல்லை.”

நான் முறுக்குத் தட்டை அவர் முன்னால் வைத்தேன். செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த என் கணவர் குறுக்கிட்டார்.

“வாயத் தெறக்காதீங்கம்மா. இன்னும் அஞ்சு நாளுதான். மெஷின் வந்து எறங்கட்டும், அப்புறம் நிதானமா சொல்லிக்கலாம்.”

“நானும் அதைத்தான் யோசிச்சனான், அண்ணை.”

“அப்புறம் என்ன? தௌவையெல்லாம் எண்றவரு, சந்தனத்த எண்ணாம விட்டது அவர் தப்புதானே?”

“ஓம், அவர்தான் பூட்டினவர்.” இராஜேஸ்வரி முறுக்கை ஒடித்தார். உண்ணாமல் தட்டிலேயே வைத்தார். “ஆனால் உருப்பெருக்கி வைச்சுப் பாத்தவர், அண்ணை. சந்தனம் அவரின்ரை கண்ணுக்கு ஊத்தையாத் தெரியேல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரிக் கிடக்குது.”

செவ்வாயும் புதனும் அவர் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை மாலை இரண்டு போர்வைகளை வேண்டுமென்றே ஊறவைத்துப் பிழிந்தாராம். மனம் இளகிவிடாமல் இருக்க.

வியாழக்கிழமை காலையில் சச்சிதானந்தன் கடிதத்தை அவரிடம் கொடுத்து, வேலைக்குப் போகும் வழியில் அஞ்சலில் சேர்க்கச் சொன்னார். உறை ஒட்டப்படவில்லை. இராஜேஸ்வரி பேருந்து நிறுத்தத்தில் அதைப் படித்தார். பதினாறு அளவுகளும் அட்டவணையாக இருந்தன. அதன்கீழே, ‘பொருத்துவதற்கு முன் பரப்புகள் அனைத்தும் துப்புரவாக இருந்தன என்பதைப் பரிசோதித்து உறுதிசெய்தேன்’ என்று எழுதி, முழுப் பெயரையும் பதவியையும் இட்டுக் கையொப்பமிட்டிருந்தார். பதினெட்டு ஆண்டுகளில் தவறான அறிக்கை ஒன்றில்கூடக் கையொப்பமிடாத மனிதர். இராஜேஸ்வரி பேருந்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சச்சிதானந்தனின் முன்னால் கடிதத்தை வைத்தார்.

“இஞ்சருங்கோ. இதிலை ஒரு வசனம் பிழை.”

“எது?”

“துப்புரவு எண்டது.” வளையப் பாதியை எடுத்து அவர் கையில் வைத்தார். “இது என்ன?”

“சந்தனம்.”

“எவ்வளவு தடிப்பு?”

சச்சிதானந்தன் மைக்ரோமீட்டரை எடுத்து, சந்தனம் உள்ள இடத்தில் ஒருமுறையும் இல்லாத இடத்தில் ஒருமுறையும் அளந்தார். பிறகு கதிரையில் அமர்ந்தார்.

“ஏழு தௌ,” என்றார். பாதியை மேசையில் வைத்து, “தொழிற்சாலையிலை ரெண்டு தௌவுக்குத் திருப்பி அனுப்புறனான்,” என்றார்.

அன்று அவர் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். அந்த ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி, சந்தனத்தை யார் துடைப்பது என்பதில் கழிந்தது. பூசைப் பொட்டில் கைவைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. முடிவில் இராஜேஸ்வரி, “நான் வைச்சது, நான் எடுக்கிறன்,” என்று சொல்லி, ஈரத்துணியால் துடைத்து, துணியை அலசிய நீரைக் கால் படாதபடி எலுமிச்சை மரத்தடியில் ஊற்றினார்.

அவர் திரும்பி வந்தபோது மேசையில் வேறு நான்கு பாதிகள் இருந்தன. பிசுக்கோத்துத் தகரப் பேணியில் கழற்றிப் போட்டிருந்த ஆறு டாலர் வளையங்கள். அவற்றிலும் சென்ற ஆண்டின் சந்தனம்.

“இதுக்கும் அநியாயம் செய்துபோட்டன்,” என்றார் சச்சிதானந்தன். “இதையும் துடைச்சுத் தாரும்.”

சனிக்கிழமை அவர் கெவினோடு சுடுதளத்துக்குப் போய், ஆறு டாலர் வளையங்களில் இருபத்தைந்து குண்டுகளும், ஐம்பத்தெட்டு டாலர் வளையங்களில் இருபத்தைந்து குண்டுகளும் சுட்டார். எதுவும் வழுக்கவில்லை. பத்துத் தாள்களையும் அளந்து சராசரி கண்டார். விலையுயர்ந்த வளையம் முப்பத்தொரு தௌ சிறந்ததாக இருந்தது. அவர் அதை இரண்டுமுறை கணக்கிட்டார். சனிக்கிழமை நண்பகலில், துவைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் பின்புறத்துக்கே வந்து சொன்னார்.

“முப்பத்தொண்டு எண்டால் எவ்வளவு? காட்டுங்கோ,” என்றார் இராஜேஸ்வரி.

அவர் மைக்ரோமீட்டரின் வாயை முப்பத்தொரு தௌவுக்குத் திறந்து காட்டினார். இராஜேஸ்வரி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஈரப் போர்வையின் கரையை அந்த இடைவெளிக்குள் நுழைக்க முயன்றார். நுழையவில்லை.

“போர்வையின்ரை கரைகூட இதுக்குள்ளை போகுதில்லை. இதுக்காண்டியே நான் கிழமைக்கு ஆறு போர்வை பிழியிறன்?”

சச்சிதானந்தன் மைக்ரோமீட்டரைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், மனைவியின் சிவந்த கைகளைப் பார்த்தார். அவர் தம் வாழ்வில் எந்த அளவையையும் சிறிது என்று சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை. “போட்டு வாறன்,” என்றுமட்டும் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு கெவின் வீட்டுக்குப் போனார்.

கெவின் அன்று காலையிலேயே பத்துத் தாள்களையும் பார்த்து வாயூறியிருந்தார். ஐம்பத்தெட்டு டாலரை மேசையில் வைத்து வளையங்களை வாங்கிக்கொண்டார். உட்புறத்தில் எதையும் பூசிவிடவேண்டாம் என்று சச்சிதானந்தன் மிகுந்த அக்கறையோடு எச்சரித்தார். கெவினுக்கு அப்படியோர் எண்ணம் பிறந்ததுமுதல் வந்ததில்லை. ஆனாலும் நன்றி சொன்னார். அந்தப் பணத்தில் ஐம்பத்தைந்து டாலர் அப்படியே கெவினின் தமக்கைக்குப் போயிற்று. மறுநாள் தேர்வு முடிந்ததும் இயந்திரத்தைத் தம் சிறு பாரவண்டியில் கொண்டுவந்து தருவதாகக் கெவின் ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில், கெவினின் வண்டியின் பின்னால், கயிற்றால் கட்டப்பட்ட சலவை இயந்திரம் ஒன்று நின்றது. நாங்களும் அன்று போயிருந்தோம். இராஜேஸ்வரி போட்டியைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இயந்திரம் வந்துவிட்டது, ஒப்பந்தம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்னும் ஒட்டியிருந்தது. கணவர் ஆறு டாலர் வளையத்தோடு சுடப் படுத்திருந்தார். தோற்றால் துப்பாக்கியும் போய்விடும். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்லர் அவர்.

“வழுக்குமோ, அக்கா?” என்று கேட்டார்.

“துடைத்தது நீங்கள்தானே?” என்றேன்.

“அதுதான் கேக்கிறன்.”

வழுக்கவில்லை. ஐந்தாவது குண்டும் தாளில் இருந்தது. முதல் மூன்று இடங்கள் எவர்க்கென்பதில் ஐயம் இல்லை. நான்காம் இடத்துக்கு இரண்டு தாள்கள் மேசையில் இருந்தன: ஒன்று சச்சிதானந்தனுடையது; மற்றொன்று கெவினுடையது. அளவையாளரே போட்டியாளராக இருந்தபடியால், முதலில் தலைவர் ஹார்க்நெஸ் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடிமட்டத்தால் அளந்தார். இரண்டும் சமம் என்றார். சமமானால், கழகத்துக்கு ஓராண்டு அளந்து கொடுத்தவருக்கே இடம் என்றும் அன்போடு சேர்த்துச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். கெவினும் தட்டினார்.

சச்சிதானந்தன் சட்டைப் பையிலிருந்து அளவுக்கருவியை எடுத்தார்.

“ஐயோ, இந்த மனுசன்,” என்றார் இராஜேஸ்வரி, என் பக்கத்தில், மிக மெதுவாக.

“சார், அத உள்ள வைங்க,” என்றார் என் கணவர் தமிழில். “ஒரே ஒரு நாளைக்கு உள்ள வைங்க.”

அவர் ஒவ்வொரு தாளையும் மூன்றுமுறை அளந்தார். பிறகு ஆங்கிலத்தில், அறிக்கை படிக்கும் குரலில், கெவினின் தாள் பத்தொன்பது தௌ சிறியது என்றும், நான்காம் இடம் கெவினுக்குரியது என்றும் அறிவித்தார். கருவியைத் துடைத்து உறையில் இட்டார். கெவினுக்குக் கைகொடுத்தார். கெவின், அந்தப் பத்தொன்பது தௌவை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். “சிட்னிக்குப் போங்கள்,” என்றார் சச்சிதானந்தன்.

எங்களிடம் வந்தபோது அவர் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் துப்பாக்கியின் உறையை ஒருமுறைக்கு மூன்றுமுறை பூட்டித் திறந்தார்.

“பத்தொன்பது,” என்றார் மனைவியிடம்.

“கேட்டனான்.”

“மற்ற வளையமெண்டால் முப்பத்தொண்டு குறைஞ்சிருக்கும். பன்னிரண்டு தௌவாலை வெண்டிருப்பன்.”

“அதுவும் கணக்குப் பாத்தனான்,” என்றார் இராஜேஸ்வரி. சலவைக்கூடத்தில் வேலை செய்தவருக்குக் கழித்தல் தெரியாதென்று எவரும் நினைக்கவேண்டாம்.

“கெவினிட்டைச் சொல்லிப்போட்டன். துவக்கை வாங்க ஆளிருந்தால் சொல்லச் சொல்லி.”

“ஏன் விக்கவேணும்?”

“எழுதிக் கையெழுத்து வைச்சதெல்லே?”

“என்ன எழுதினீங்கள்? சொல்லுங்கோ பாப்பம்.”

சச்சிதானந்தன் மனப்பாடமாகச் சொன்னார். “உந்த வளையம் சிட்னிக்குப் போகவேணும். போகாட்டித் துவக்கை விக்கிறது.”

இராஜேஸ்வரி கெவினின் வண்டியைக் கையால் காட்டினார். இயந்திரத்துக்கு அருகே கெவினின் துப்பாக்கி உறைக்குள் இருந்தது. அந்தத் துப்பாக்கியில் ஐம்பத்தெட்டு டாலர் வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தன.

“வளையம் போகுதுதானே,” என்றார்.

சச்சிதானந்தன் ஒப்பந்தத்தை மறுபடியும் தமக்குள்ளே சொல்லிப் பார்ப்பது உதட்டசைவில் தெரிந்தது. பரிசோதகராக அதில் ஒரு குறையும் காண அவரால் முடியவில்லை. என் கணவர்தான் முதலில் சிரித்தார்.

திசம்பரில் அணியோடு சச்சிதானந்தனும் சிட்னிக்குப் போனார், அளவையாளராக. அங்கே மூன்று கழகங்களின் சண்டைகளைத் தீர்த்துவைத்துவிட்டு வந்தார். கெவின் பதினோராம் இடத்தில் வந்தார். விலையுயர்ந்த வளையங்கள் பணத்துக்குத் தகுமா என்று பின்னாளில் எவர் கேட்டாலும், சச்சிதானந்தன் ஆமென்றோ இல்லையென்றோ சொன்னதில்லை. “முப்பத்தொரு தௌ,” என்பார். “உங்களுக்கு அது வேண்டுமோ என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.”

மறு ஆண்டு ஆயுத பூசைக்கு நாங்கள் போயிருந்தோம். ஆறு டாலர் வளையங்கள் துப்பாக்கியிலேயே பொருத்தியபடி இருந்தன. சந்தனம் வெளிப்புறத்தில் இருந்தது. இராஜேஸ்வரி சந்தனக் கிண்ணத்தோடு பின்புறத்துக்குப் போய்ச் சலவை இயந்திரத்தின் முன்னால் நின்றார். அது தொட்டியின் உட்புறத்தால் வேலை செய்கிறது. அவர் மூடியைத் திறந்தார். வாசலில் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தார். இராஜேஸ்வரி மூடியை மூடி, அதன்மேல் ஒரு பொட்டு வைத்தார்.

பேனாவுக்குமட்டும் முனையில்தான் வைத்தார். அது சரசுவதியின் ஆயுதம். அதில் விதியை மாற்றமுடியாது என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் எங்களுக்கு வந்த தீபாவளி அழைப்பு பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டிருந்தது.